திருவண்ணாமலைக்குக் கொண்டுபோன ஈரல்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. வியாழக்கிழமை காலை, ஓர் அட்டைப்பெட்டியில் ஒரு பெண்ணின் ஈரலை வைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் பேருந்து ஏறினேன்.
2. அன்று பிற்பகல் அந்தப் பெண் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அது தன்னுடையது இல்லை என்றார்.
3. எல்லோரும் சிரித்தோம்.
4. வெள்ளிக்கிழமை முற்பகல், அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.
5. அப்போது அறுவை சிகிச்சைக்கு மூன்று நாட்கள் இருந்தன.

ஈரல் என்றால் சதையாலானது அல்ல. பிசினில் அச்சிட்டது, கண்ணாடி போல ஊடுருவிப் பார்க்கலாம். அதைச் செய்வதுதான் என் வேலை. ஸ்கேன் மையங்களிலிருந்து வரும் நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, திரையில் ஒரு முப்பரிமாண ஈரலைக் கட்டுவேன். ரத்தக் குழாய்களுக்கு நீலமும் சிவப்பும், கட்டிக்கு மஞ்சள். அறுவை மருத்துவர் அதைச் சுழற்றிப் பார்ப்பார். எங்கே வெட்டுவது, வெட்டினால் எவ்வளவு மிஞ்சும், எந்தக் குழாய் குறுக்கே வரும் என்று கத்தியைத் தொடுவதற்கு முன்பே ஒத்திகை பார்த்துவிடுவார். சிக்கலான ஈரல் என்றால் அதே அளவில் அச்சிட்டுக் கையிலும் கொடுப்போம்.

இந்த ஈரலுக்கு உரியவர் பெயர் ரஹமத் பீ, வயது நாற்பத்தாறு. கட்டி எலுமிச்சம்பழ அளவு, ஒரு பெரிய குழாயை உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவருடைய ஈரலுக்குள் நான் பதினோரு மணி நேரம் செலவிட்டிருந்தேன். எந்தக் கிளை எங்கே பிரிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முகத்தை மட்டும் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். என்னிடம் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உண்டு, பதினான்கு வரி. ஒவ்வொரு ஸ்கேன் மையத்துக்கும் ஒரு கோளாறு இருக்கும், அதற்கு ஒரு வரி. திருவண்ணாமலையிலிருந்து வரும் படங்களில் வலதும் இடதும் மாறியிருக்கும், கண்ணாடியில் பார்ப்பதுபோல. ஈரல் இடப்பக்கம் கிடக்கும். ஆகவே நான்காவது வரி: "திருவண்ணாமலை என்றால் புரட்டு." ஒரு பொத்தானை அழுத்தினால் ஈரல் வலப்பக்கம் வந்துவிடும். ஏன் அப்படி வருகிறது என்று நான் கேட்டதே இல்லை.

என்னை அனுப்பியதற்கு இரண்டு காரணங்கள். ரஹமத் பீ அறுவைக்குச் சம்மதிக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்தால் பயம் தெளியும் என்று டாக்டர் நம்பினார். அடுத்தது, ஈரல் உள்ள படங்கள் மட்டும் வந்திருந்தன, ஸ்கேன் மையத்திலிருந்து மூலக்கோப்பு முழுதாக வந்து சேரவில்லை. அனுப்பும்போதெல்லாம் பாதியில் அறுந்தது. ஹார்ட் டிஸ்க்கில் நேரில் வாங்கி வர வேண்டும்.

பேருந்தில் பெட்டியை மேலே வைக்க மனம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னம்மா, கேக்கா? எங்களுக்கும் ஒரு பீஸ் வெய்யுங்க" என்று கண்டக்டர் மூடியைத் தட்டினார்.

"கேக் இல்ல சார். ஈரல். மாடல்தான்."

அவர் கையை எடுத்துக்கொண்டு, மீதிச் சில்லறையை என் கையில் தராமல் பெட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்து இருக்கையில் தலை நிறையக் கதம்பம் வைத்த ஓர் அம்மா. கண்டக்டர் கேட்டது எதுவும் அவர் காதில் விழவில்லை, ஏறியதுமே தூங்கிவிட்டார். தூக்கத்தில் அவருடைய கை நழுவிப் பெட்டிமேல் விழுந்தது. ஜன்னல் வெயிலில் பெட்டி சூடேறியிருந்தது. சரியாக உடம்புச் சூடு. மடியில் ஏதோ ஒரு சின்ன மிருகம் சுருண்டு படுத்திருப்பதுபோல எனக்கே இருந்தது. செஞ்சி தாண்டியதும் அந்த அம்மா திடுக்கிட்டு விழித்தார்.

"உள்ள உயிரோட எதுனா இருக்குதா? துடிச்சாப்ல இருந்துச்சே."

"பஸ் அதிருதும்மா, அதான்."

"பஸ்ஸு அதிர்றது எனக்குத் தெரியாதா" என்றவர் தன் கூடையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். இறங்கும்வரை என்னைப் பார்க்கவில்லை.

மலை முதலில் ஒரு கூம்பாகத் தெரிந்தது. சாலை வளைய வளைய அது தோளை இறக்கியது, முதுகைக் காட்டியது, இரண்டாகப் பிளந்தது, மறுபடி ஒன்றானது. நான் பிறந்த தூத்துக்குடியில் கண்ணுக்கெட்டிய வரை மேடே கிடையாது. உப்பளத்து அம்பாரம்தான் எங்களுக்கு மலை. வேலையில் எதையும் சுழற்றுவது என் கைதான். இங்கே ஒன்று என் கை படாமல் தானாகச் சுழன்றது எனக்குப் பிடிக்கவில்லை.

ரஹமத் பீயின் கணவர் கரீம் பாய்க்கு ஊருக்குள் மெத்தைக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. பாயின் புருவத்திலும் தாடியிலும் பஞ்சு ஒட்டியிருந்தது, நடந்தால் பின்னால் கொஞ்சம் பறந்து வந்தது. பி.எட். படிக்கும் மகள் சபீனாதான் எங்களிடம் போனில் பேசுபவள். அவள் என்னைக் கூடத்தில் உட்காரவைத்தாள். ரஹமத் பீ உள்ளேயிருந்து வந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய கண்கள். முதல்முறை பார்க்கிறேன், ஆனால் அவர் மூச்சு வாங்கும்போது உள்ளே எது எவ்வளவு இறங்கி ஏறும் என்று எனக்குத் தெரியும். அந்நியர் ஒருவரைப் பற்றி இவ்வளவு தெரிந்துவைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பது, சொல்லாமல் அவர் வீட்டுக்குள் புகுந்து வந்ததுபோலக் கூச்சமாக இருந்தது.

"சாப்டுட்டுதான் மத்த பேச்சு" என்றார். குஸ்கா, தால்ச்சா, ஒரு கிண்ணத்தில் கறுப்பாக மிளகு போட்ட வறுவல்.

சபீனா கிண்ணத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் உருதுவில் ஏதோ சீறினாள். அம்மாவும் திருப்பிச் சொன்னார். பாய் சிரித்துக்கொண்டே எனக்குத் தமிழில் சொன்னார்: "இன்னிக்குப் போயி ஈரல் வறுவலா அம்மினு கேக்கறா. கறிக்கடையில அதான் இருந்துச்சு, நான் என்ன பண்றதுன்றா இவ."

சாப்பிட்டேன். எங்கள் ஊரில் தேங்காய் இல்லாமல் எதுவும் இறங்காது. இங்கே மிளகும் எண்ணெயும்தான். நன்றாக இருந்தது.

பிறகு பெட்டியைத் திறந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் நீலக் குழாயும் சிவப்புக் குழாயும் வேர்போல ஓடின. நடுவில் மஞ்சள். பாய் குனிந்து பார்த்து, "யா அல்லா, இவ்ளோ அழகா இருக்குதே" என்றார். ரஹமத் பீ இரண்டு கையாலும் வாங்கினார். எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார். திருப்பினார். பிறகு தன் வயிற்றில், இடப்பக்கம் விலாவுக்குக் கீழே, வைத்துப் பார்த்தார். அது பொருந்தி உட்காரவில்லை, முனை வெளியே துருத்தியது.

"ஈரல் வலது பக்கம்மா" என்று நான் மெல்ல அதை நகர்த்தி வைத்தேன். இப்போது வளைவு விலாவோடு ஒட்டி நின்றது.

"எனக்கு வலி இங்கதான்" என்றார், இடப்பக்கத்தைத் தொட்டு.

"சில பேருக்கு வலி இடம் மாறித் தெரியும்."

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "இது என்னுது இல்லம்மா" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"தெரில. யாரோடதோ. என்னுது இல்ல."

"கேட்டுக்கோங்க மேடம்" என்றார் பாய். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னைப் பாத்தும் இதையேதான் சொல்லிட்டு இருக்கா."

எல்லோரும் சிரித்தோம். அம்மாவின் நெஞ்சில் வலப்பக்கமாகச் சாய்ந்து சபீனா சிரித்தாள், ரஹமத் பீயும் சிரித்தார். ஆனால் பெட்டிக்குள் வைக்கும்போது தன்னுடையதைத் தருவதுபோலத் தரவில்லை. அடுத்த வீட்டுக் குழந்தையைத் திருப்பிக் கொடுப்பதுபோலக் கொடுத்தார். "நீங்க எல்லாம் சொன்னா சரி. ஞாயித்துக்கிழமை வந்துடறோம். திங்கக்கிழமை வெட்டிக்கட்டும்" என்றார். சம்மதம் கிடைத்துவிட்டது. குறிப்பேட்டில் முதல் வேலைக்கு நேரே டிக் போட்டேன்.

மாலையில் வேலை இல்லை. மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம் என்று ஆட்டோ பிடித்தேன். பெட்டியை லாட்ஜ் அறையில் தனியாக விட மனமில்லாமல் அதையும் எடுத்துக்கொண்டேன். அடி அண்ணாமலையில் பின் சக்கரம் பஞ்சர்.

"பத்து நிமிஷம் மேடம். ஒரு டீ குடிங்க" என்றார் ஓட்டுநர் குமார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். மழை மேகம் இறங்கி மலையின் மேல்பாதியைத் தின்றிருந்தது. இருந்த பாதியும் பகலில் பார்த்த மலையாக இல்லை. சாலையில் பத்துப் பதினைந்து பேர் நடந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் மலை வலக்கைப் பக்கம் இருக்க, ஒரே திசையில். வெறுங்காலில் நடப்பவர்களுக்குச் சத்தம் இல்லை. அப்போது எதிர்த்திசையிலிருந்து ஓர் அம்மா வந்தார். வெளிர்ப் புடவை, கையில் ஒரு பை. நடப்பவர்கள் அவருக்கு வழிவிட்டு விலகினார்கள். அவர் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார், என் முகத்தையும் பார்த்தார், பெட்டியையும் பார்த்தார், போய்விட்டார்.

"அவங்க யாரு? திசை மாறிப் போறாங்களே."

"அது அப்படித்தான் மேடம் சுத்தும், ரொம்ப வருஷமா. ஏம்மானு ஒரு வாட்டி கேட்டேன். நீங்கல்லாம் ஒருத்தர் முதுகை ஒருத்தர் பாத்துட்டுப் போறீங்க, எனக்கு மட்டும்தான்டா எல்லா மூஞ்சியும் தெரியுதுனுச்சு." குமார் நட்டை இறுக்கினார். "ஊர்ல எல்லாரும் அதுக்குத் தப்புனு சொல்லிப் பாத்தாச்சு. கேக்கல."

வெள்ளிக்கிழமை காலை லாட்ஜ் அறையில் தலை வாரிக்கொண்டிருந்தேன். பேருந்தில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஈரலை வெளியே எடுத்து மேசைமேல் வைத்திருந்தேன். அது எனக்குப் பின்னால், நிலைக்கண்ணாடிக்குள் தெரிந்தது. சீப்பு நடுவழியில் நின்றது. கண்ணாடிக்குள் இருந்த ஈரலை எனக்குத் தெரியும். மேசைமேல் இருந்ததைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பதினோரு மணி நேரத்தில் முதல் ஒரு மணி நேரம், நான்காவது வரிக்கு வருவதற்கு முன்பு, நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். அப்போது எதுவும் உறுத்தவில்லை. புரட்டிய பிறகுதான் ஏதோ ஒன்று, வேண்டாத விருந்தாளியைப்போல, சரியாக உட்காராமல் இருந்தது. களைப்பு என்று நினைத்து வேலையை முடித்திருந்தேன்.

ஈரலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தேன். கீழே போய்ப் பொங்கல் சாப்பிட்டேன். ருசி நினைவில்லை.

ஸ்கேன் மையம் வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் வழியில். அவர்கள் கேட்டுக்கொண்டதால் அதன் பெயரை எழுதவில்லை. டெக்னீஷியன் சேகர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், பேச்சில் கலகலப்பு. கோப்பு நகலாகிக்கொண்டிருந்த நேரத்தில், இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

"உங்க படம் மட்டும் ஏன் எப்பவும் வலது இடது மாறி வருது?"

சேகர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "உள்ள வந்து பாருங்க மேடம்."

ஸ்கேன் அறை. பெரிய வளையம், அதற்குள் போகும் நீளப் படுக்கை. "இதுல நேரா படுத்தா தலை எந்தப் பக்கம்?"

வளையம் இருந்த திசையைப் பார்த்தேன். "வடக்கு."

"வடக்கே தலை வெச்சு யாரு படுப்பாங்க? அதுவும் உடம்பு சரியில்லாம வந்தவங்க? போதாததுக்குக் கால் எங்க நீட்டுது பாருங்க." தெற்கே ஜன்னல். ஜன்னல் முழுக்க மலை. "முதல் வாரமே ஒரு பெரியவரு எழுந்து போயிட்டாரு. வடக்கே தலை, சாமிக்குக் காலா, உன் ஸ்கேனே வேணாம்டானு. அதுலேர்ந்து எல்லாரையும் திருப்பிப் படுக்கவெச்சுடுவேன். கால் முதல்ல உள்ள போகும்."

"அதை மெஷின்ல மாத்திச் சொல்லலாமே."

"வெச்சுட்டுப் போன இன்ஜினியர் ஒரே செட்டிங்தான் போட்டாரு. மாத்தினா பாஸ்வேர்டு கேக்குது. அதனால படம் தலைகீழா வரும். தலைகீழா அனுப்பினா ரிப்போர்ட் எழுதற டாக்டர் திட்டறாரு. நான் படங்களோட வரிசையை மேல கீழ மாத்தி அடுக்கிடுவேன். தலை மேல வந்துடும். ஆனா வலது இடது கண்ணாடி மாதிரி மாறிடும். அது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அட்ஜஸ்ட் பண்ணிக்கிறீங்க இல்ல?"

அட்ஜஸ்ட் செய்துகொண்டிருந்தோம். அவர் அங்கே ஒருமுறை புரட்டினார், நாங்கள் இங்கே ஒருமுறை புரட்டினோம். கணக்கு நேராகிவிட்டது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. கோப்பைப் பார்க்கத் திரும்பினேன். அப்போது எதற்கென்று தெரியாமல் ஒன்று கேட்டேன்.

"எல்லாரையுமா?"

"இந்துங்க எல்லாரும். கிறிஸ்டியன்ஸ்கூட அப்படித்தான் கேப்பாங்க." மேசை டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். தேதி, பெயர், பக்கத்தில் பேனாவால் ஓர் அம்புக்குறி. கீழ்நோக்கி, கீழ்நோக்கி, கீழ்நோக்கி. பக்கம் முழுக்க அப்படி. விரல் ஓர் இடத்தில் நின்றது. ஒரே ஓர் அம்பு மேல்நோக்கி இருந்தது.

"உங்க பேஷன்ட்தான் இது. அந்தம்மா ஒண்ணும் சொல்லல, நேரா படுத்துக்கிட்டாங்க. எந்தப் பக்கம்மா வேணும்னு நானே கேட்டேன். மேக்கே, தொழற பக்கம், கால் நீட்டாம இருந்தா போதும் தம்பின்னாங்க. வடக்கு தெக்கெல்லாம் அவங்களுக்கு இல்ல."

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மனதுக்குள் பட்டியல் தானாக ஓடியது.

நேராகப் படுத்தார். ஆகவே சேகர் புரட்டவில்லை. ஆகவே எனக்கு வந்த படம் நேரான படம். அந்த நேரான படத்தில் ஈரல் இடப்பக்கம் இருந்தது. நான் அதைப் புரட்டினேன்.

"மேடம், உக்காருங்க. தண்ணி தரவா?"

மதியத் தொழுகை முடிந்து கரீம் பாய் திரும்பும்போது நான் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "கட்டி ஜாஸ்தி ஆயிடுச்சா?"

"இல்ல பாய். நான் ஒண்ணு பாக்கணும்."

உள்ளே ரஹமத் பீ கட்டிலில் சாய்ந்திருந்தார். சபீனா அம்மாவின் மேல் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தலை அம்மாவின் நெஞ்சில், வலப்பக்கம் இருந்தது. நேற்றும் அவள் அங்கேதான் சாய்ந்திருந்தாள். நான் அதை நேற்றே பார்த்திருக்கிறேன்.

"சபீனா, உனக்கு அம்மாவோட நெஞ்சு துடிக்கிறது கேக்குதா?"

"கேக்குதே அக்கா."

"அந்தப் பக்கமா?"

"எப்பவும் இந்தப் பக்கம்தான்." சொல்லிவிட்டு அவளே நிமிர்ந்தாள். தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், இடப்பக்கம். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

ரஹமத் பீக்கு எதுவும் புதிதாக இல்லை. "ரெண்டு புள்ளைங்களும் வலது தோள்ல போட்டாதான் தூங்கும். இடது பக்கம் போட்டா அழும். எங்கம்மா கேலி பண்ணும், உனக்கு எல்லாமே தப்புப் பக்கம்டினு." அவர் தன் வலப்பக்க நெஞ்சைத் தட்டினார். "எல்லாருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்னு நெனச்சேன். ஏம்மா, இருக்காதா?"

நான் அருகில் உட்கார்ந்து அவருடைய வலப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தேன். தட்டியது. பிசினைத் தொட்டே பழகிய கைக்கு அந்தத் துடிப்பு பெரிதாக இருந்தது. பதினோரு மணி நேரம் உள்ளே இருந்தவள் நான். கதவு எந்தப் பக்கம் என்பதே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

ஆட்டோவில் நால்வரும் வேங்கிக்காலுக்குப் போனோம். சேகர் ரஹமத் பீயின் வலத் தோளில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார். படம் திரையில் வந்தது. வெள்ளை வட்டமாக நாணயம். அதே பக்கத்தில், அதற்குக் கீழே, இதயத்தின் நிழல். எதிர்ப்பக்கம், இடப்பக்கம் கீழே, ஈரல். சேகர் நாணயத்தையும் அந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பாய் சத்தமில்லாமல் எதையோ ஓதினார்.

"அப்போ எல்லாமே மாறி இருக்குதா? முழுசா?" என்றாள் சபீனா.

"முழுசா. கண்ணாடியில இருக்கிற மாதிரி. அதனால அம்மாவுக்கு ஒரு குறையும் இல்ல. வெட்டறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்." பிறகு அவர்களிடம் சொல்ல வேண்டியதையும் சொன்னேன். "தப்பு என்னோடது. படம் சரியாத்தான் வந்துச்சு. நான்தான் மாத்தினேன்."

ரஹமத் பீதான் பேசினார். "நான் நேத்தே சொன்னேன் இல்ல" என்றார். கோபம் இல்லை. கடையில் தவறான நிறத்தில் துணி எடுத்துக் காட்டியவளிடம் சொல்வதுபோல இருந்தது.

டாக்டருக்கு மையத்தின் வாசலில் நின்று போன் செய்தேன். மேகம் விலகி மலை முழுதாகத் தெரிந்தது. நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"எவ்வளவு உறுதி?"

"வலத் தோள்ல ஒட்டின நாணயம் இதயத்தோட பக்கமே இருக்கு டாக்டர்."

"நீ அனுப்பின மாடல்ல நான் ரெண்டு தடவை வெட்டிப் பாத்துட்டேன்" என்றார். "கை பழகிடுச்சு." நாட்குறிப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. "திங்கட்கிழமை வேண்டாம். புதுசா ஒண்ணு குடு. நான் இடது பக்கம் நின்னு பழகணும்."

சனிக்கிழமை கிளம்பும் முன், லாட்ஜ் அறையிலேயே கணினியைத் திறந்து புரட்டியதை மீட்டேன். ஒரு பொத்தான். ஒரு நொடி. ஈரல் இடப்பக்கம் போய் அமைதியாக உட்கார்ந்தது. உறுத்தல் போய்விட்டது. பிறகு புதிய மூலக்கோப்பை வைத்து ஒவ்வொரு குழாயாக மீண்டும் பின்தொடர்ந்தேன்.

விடைபெறப் போனபோது பாய் எனக்கு ஒரு சின்னத் தலையணை கொடுத்தார், இலவம்பஞ்சு. பேருந்தில் கழுத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். ரஹமத் பீ பெட்டியைப் பார்த்தார்.

"இதை என்ன பண்ணுவீங்க?"

"தெரியலைம்மா. தூக்கிப் போட்டுடுவோம்."

"போடாதீங்க" என்றார். "யாருதோ அது. வந்து கேட்டா குடுத்துடுங்க."

திரும்பும் பேருந்தில் பெட்டியை மடியில் வைக்கவில்லை. மேல்தட்டிலும் வைக்கவில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது, அதில் வைத்தேன். கண்டக்டர் வேறு ஆள். "யாருனா வர்றாங்களா இங்க?" என்றார். இல்லை என்பதற்குப் பதில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மயக்க மருந்து கொடுப்பவர் எப்படியும் கண்டுபிடித்திருப்பார், அறுவை அரங்கம்வரை இது போயிருக்காது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். இருக்கலாம். அதற்கு முன்னால் அவரைப் பார்த்தவர்கள்: இரண்டு பிரசவம் பார்த்தவர்கள், வயிற்றுவலிக்கு மாத்திரை எழுதியவர், ஸ்கேனுக்கு ரிப்போர்ட் எழுதியவர், நான். அந்த வரிசையில் கண்டுபிடித்தவர் எவரும் இல்லை.

இன்றைய நிலை இது. ரஹமத் பீக்கு அறுவை பதினோரு நாள் தள்ளி நடந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். தழும்பு இடப்பக்கம் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பிவிட்டார், வாசல்வரை நடக்கிறார், மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். சேகரின் இயந்திரத்துக்குப் பாஸ்வேர்டு வாங்கிக் கொடுத்தோம். இப்போதும் எல்லோரும் தெற்கே தலைவைத்துத்தான் படுக்கிறார்கள், ஆனால் படம் நேராக வருகிறது. என் பட்டியலில் நான்காவது வரியை அடித்துவிட்டு, "எப்படிப் படுத்தார் என்று கேள்" என்று எழுதியிருக்கிறேன். பெட்டி என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.